இருவரை விட்டு வர மறுத்த அணி

அமெரிக்க விளையாட்டு வரலாற்றில் வெற்றிக் கிண்ணங்களை ஏந்திய அணிகள் பல. அவற்றுள் பெரும்பாலானவற்றின் பெயர்கள் காலப்போக்கில் மறைந்துவிட்டன. எந்தக் கிண்ணத்தையும் பெறாத, பெறுவதற்கான களத்துக்கு அழைக்கப்படவே செய்யாத ஓர் அணியின் பெயரோ இன்றுவரை மதிப்போடு பேசப்படுகின்றது. 1951ஆம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அமெரிக்க உதைபந்தாட்ட அணியே அது. 'டொன்ஸ்' என்று அழைக்கப்பட்ட அவ்வணி ஒன்பது போட்டிகளில் ஆடி ஒன்பதிலும் வென்றது. பருவம் முடிந்த சில வாரங்களில் அணியே கலைக்கப்பட்டது.

எமது வாசகர்களுட் பலருக்கு இவ்விளையாட்டு பிள்ளைகளின் பாடசாலை வழியாகவே அறிமுகமாகியிருக்கும். உதைபந்தாட்டம் எனப் பெயர் இருப்பினும் பந்தைக் காலால் உதைப்பது இதில் அரிது. பதினொருவர் கொண்ட இரு அணிகள், இரு முனைகளும் கூர்ந்த பந்தைக் கையில் ஏந்தியும் வீசியும் நூறு யார் நீளமான களத்தில் முன்னேறுகின்றன. நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார் தூரம் முன்னேறாவிடின் பந்து எதிரணிக்குச் சென்றுவிடும். எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுசெல்வது 'ரச்டவுண்' எனப்படும். அதற்கு ஆறு புள்ளிகள். பல்கலைக்கழக அணிகள் இலையுதிர் காலத்தில் ஆடுகின்றன. பருவத்தில் சிறந்து விளங்கிய அணிகள் புத்தாண்டை ஒட்டி நடைபெறும் கிண்ணப் போட்டிகளுக்கு அழைக்கப்படுகின்றன. அந்த அழைப்பில் புகழும் உண்டு, பெரும் பணமும் உண்டு.

சிறிய பல்கலைக்கழகம், பெரிய வீரர்கள்

சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் 1855ஆம் ஆண்டில் இயேசு சபைக் குருமாரால் தொடங்கப்பட்டது. மாணவர் தொகையிலும் நிதியிலும் அது சிறியது. அருகிலிருந்த ஸ்ரான்போர்ட், பேர்க்லி ஆகிய பெரும் பல்கலைக்கழகங்களின் அணிகளோடு ஒப்பிட்டால் அதன் அணி வறிய அணியாகவே இருந்தது. பயிற்றுநர் ஜோ குஹாரிச் கண்டிப்புக்குப் பெயர் பெற்றவர். விளையாட்டுச் செய்திகளைப் பத்திரிகைகளுக்கு அனுப்பும் பொறுப்பில் இருபத்தைந்து வயது இளைஞரான பீற் றொசெல் இருந்தார்.

வீரர்களுள் ஜீனோ மார்கெற்றி இத்தாலியக் குடியேறிகளின் மகன். இரண்டாம் உலகப் போரின்போது ஐரோப்பாவில் அமெரிக்கப் படையிற் போரிட்டுத் திரும்பியவர். பொப் சென் கிளெயர் சான் பிரான்சிஸ்கோவிலேயே பிறந்து வளர்ந்த நெடிய உருவினர். ஒல்லி மற்சன் ரெக்சாஸ் மாநிலத்திலும், பேர்ல் ரோலர் ரெனெசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரிலும் பிறந்தவர்கள். இருவரும் தெற்கிலிருந்து மேற்குக் கரைக்கு வந்து, சான் பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரியில் ஆடிப் பின்னர் இப்பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்கள். அணியில் இருந்த கறுப்பினத்தவர் இவ்விருவரே.

அந்த இருவரின் நிறம் ஏன் ஒரு செய்தியாயிற்று என்பதை அறியக் காலத்தை நினைவிற் கொள்ள வேண்டும். அன்று தெற்கு மாநிலங்களில் பாடசாலையும் உணவகமும் பேருந்து ஆசனமும் சட்டத்தினாலேயே நிறவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. பாடசாலைகளில் இப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954ஆம் ஆண்டிலேயே. தெற்கத்திய அணியோடு ஆடச் செல்லும் வடக்கத்திய பல்கலைக்கழகங்கள் தமது கறுப்பின வீரர்களைக் களத்தில் இறக்காமல் விடுவது நெடுங்கால வழக்கமாக இருந்தது. அதற்குக் 'கனவான்களின் உடன்பாடு' என்று பெயரும் சூட்டியிருந்தனர். 1951ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் ஒக்லகோமா மாநிலத்தில் நடைபெற்ற போட்டியொன்றில் டிரேக் பல்கலைக்கழகத்தின் கறுப்பின வீரர் ஜோனி பிறைற் முகத்தில் தாக்கப்பட்டுத் தாடை உடைந்தார். பந்து அவரிடம் இல்லாதபோது விழுந்த அடி அது. அதனைக் காட்டிய புகைப்படங்களுக்கு மறு ஆண்டு புலிற்சர் பரிசு கிடைத்தது.

ஒன்பது போட்டிகள், ஒன்பது வெற்றிகள்

அப்படிப்பட்ட ஓர் இலையுதிர் காலத்திலேயே டொன்ஸ் அணி களமிறங்கியது. மேற்குக் கரை அணிகளையும் இராணுவ, கடற்படை முகாம்களின் அணிகளையும் அது அடுத்தடுத்து வென்றது. ஒக்ரோபரில் நியூயோர்க் சென்று ஃபோர்டம் பல்கலைக்கழகத்தை எதிர்கொண்டது. கிழக்குக் கரைப் பத்திரிகையாளரின் பார்வையிற் படுவதற்கு அந்த ஒரு போட்டியே வாய்ப்பு. அன்று எதிரணி உதைத்தனுப்பிய பந்தை ஏந்திக்கொண்டு மற்சன் இரு தடவைகள் களத்தின் மறுமுனை வரை ஓடி ரச்டவுண் பெற்றார். 32க்கு 26 என்று டொன்ஸ் வென்றது.

நவம்பரில் பசிபிக் கல்லூரியுடனான போட்டி வந்தது. கிண்ணப் போட்டிக்கான அழைப்பு இதன் முடிவிலேயே தங்கியிருக்கின்றது என எண்ணப்பட்டது. 47க்கு 14 என்ற கணக்கில் டொன்ஸ் வென்றது. இறுதியாக லொயோலா பல்கலைக்கழகத்தை 20க்கு 2 என்று வீழ்த்தித் தோல்வியோ சமநிலையோ காணாது பருவத்தை முடித்தது. நாடு தழுவிய தரவரிசையில் 14ஆம் இடம் கிடைத்தது. மற்சன் அவ்வாண்டு 1,566 யார் தூரம் பந்தை ஏந்தி ஓடி 21 ரச்டவுண்கள் பெற்றார். நாட்டில் வேறெவரும் அவ்வளவு தூரம் ஓடவில்லை. எனினும் ஆண்டின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது வாக்கெடுப்பில் அவருக்கு ஒன்பதாம் இடமே அளிக்கப்பட்டது.

ஒரு நிபந்தனை, ஒரு விடை

இனி அழைப்பு வரவேண்டும். அது வந்த விதத்தை அணியினர் பிற்காலத்தில் பலமுறை எடுத்துக் கூறியுள்ளனர். மயாமி நகரில் நடைபெறும் ஒறேஞ்ச் கிண்ணப் போட்டிக்கு அணி வரலாம். ஆனால் மற்சனும் ரோலரும் வரக்கூடாது என்பதே அவர்களை எட்டிய செய்தி. பயிற்றுநர் குஹாரிச் அதனை வீரர்களிடம் எடுத்துரைத்தார். நீண்ட விவாதம் எதுவும் நிகழவில்லை. இருவரையும் விட்டுவிட்டுச் செல்வதில்லை என்பதே அனைவரதும் விடையாக இருந்தது.

எல்லைகளிலும் அலுவலகங்களிலும் 'இன்னார் வரலாம், இன்னார் நிற்கட்டும்' என்று குடும்பங்களைப் பிரிக்கும் சொற்களைக் கேட்டுப் பழகிய எம்மவர்க்கு இந்நிபந்தனையின் கனத்தை விளக்க வேண்டியதில்லை. விலக்கப்படுபவன் மட்டுமல்ல, அனுமதிக்கப்படுபவனும் இத்தகைய நிபந்தனையால் சோதிக்கப்படுகின்றான். அந்த அணியின் வெள்ளையின இளைஞர்களுக்குக் கதவு திறந்தே இருந்தது. அவர்கள் சரி என்று சொல்லியிருந்தால் அக்காலத்தில் அதனைக் குற்றமாகக் கருதியிருப்போர் சிலரே. வழக்கமும் அவர்கள் பக்கமே நின்றது.

டொன்ஸ் அணி எளிய அணிகளையே எதிர்கொண்டது, அதனால்தான் அழைக்கப்படவில்லை என்ற காரணமும் கூறப்பட்டதுண்டு. இராணுவ முகாம் அணிகள் அட்டவணையில் இருந்தமை உண்மையே. ஆனால் டொன்ஸ் அணியிடம் 33 புள்ளிகள் வித்தியாசத்தில் தோற்ற பசிபிக் கல்லூரி, 1952ஆம் ஆண்டு புத்தாண்டு நாளன்று சன் கிண்ணப் போட்டியில் ஆடியது. அதனை வீழ்த்தியவர்களோ வீட்டில் இருந்தனர்.

விடைக்குக் கொடுத்த விலை

மறுப்புக்கு விலை இருந்தது. உதைபந்தாட்டத்தினால் பல்கலைக்கழகத்துக்கு ஏற்கெனவே நட்டம் நேர்ந்திருந்தது. கிண்ணப் போட்டியின் வருவாய் ஒன்றே அணியைக் காப்பாற்றக்கூடியதாக இருந்தது. அது கிடைக்காமற் போகவே, உதைபந்தாட்டத்தைக் கைவிடுவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. தோல்வியறியாத அணி அடுத்த ஆண்டு களத்தில் இல்லை.

அணி கலைந்தாலும் அதன் உறுப்பினர் ஓய்ந்துவிடவில்லை. மற்சன் 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீற்றர் ஓட்டத்தில் வெண்கலமும், தொடர் அஞ்சல் ஓட்டத்தில் வெள்ளியும் பெற்றார். தொழில்முறை உதைபந்தாட்டத்தில் அவரது மதிப்பு எவ்வளவெனில், 1959ஆம் ஆண்டு அவர் ஒருவருக்காக லொஸ் ஏஞ்சலிஸ் அணி ஒன்பது பேரைக் கைமாற்றாகக் கொடுத்தது. மற்சன், மார்கெற்றி, சென் கிளெயர் ஆகிய மூவரும் தொழில்முறை உதைபந்தாட்டப் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றனர். செய்தி அனுப்பிக்கொண்டிருந்த பீற் றொசெல் 1960 முதல் 1989 வரை தேசிய உதைபந்தாட்ட லீக்கின் ஆணையாளராக விளங்கினார்.

பேர்ல் ரோலரின் வழி வேறாயிற்று. 1952ஆம் ஆண்டு காட்சிப் போட்டியொன்றில் அவரது முழங்கால் சிதைந்தது. அவரால் தொழில்முறையில் ஒரு நாளேனும் ஆட முடியவில்லை. ஆசிரியரானார், பின்னர் சான் பிரான்சிஸ்கோவில் பாடசாலை அதிபரானார். 1965ஆம் ஆண்டில் தேசிய உதைபந்தாட்ட லீக்கின் முதலாவது கறுப்பின நடுவராக நியமிக்கப்பட்டார். களத்துக்கு வரக்கூடாது என்று ஒருகாலத்தில் நிறுத்திவைக்கப்பட்டவர், 1980ஆம் ஆண்டின் சுப்பர் கிண்ண இறுதிப் போட்டியில் நடுவர்களுள் ஒருவராக நின்றார். 2009ஆம் ஆண்டு அவர் காலமானார்.

தெற்கின் கதவுகளும் மெல்லத் திறந்தன. 1956ஆம் ஆண்டு சுகர் கிண்ணப் போட்டியில் பிற்ஸ்பேர்க் அணியின் கறுப்பின வீரர் பொபி கிறியர் ஆடுவதை எதிர்த்து, எதிரணியான ஜோர்ஜியா ரெக் செல்லக்கூடாதென அம்மாநில ஆளுநர் தடைபோட முயன்றார். அம்முயற்சி தோற்றது, கிறியர் ஆடினார். சட்டங்கள் மாறுமுன் இத்தகைய சிறு சிறு மறுப்புகள் பல இடங்களிலும் நிகழ வேண்டியிருந்தன. அவற்றுட் பெரும்பாலானவற்றைச் செய்தவர்கள் உடனடிப் பயனைக் காணவில்லை.

சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தில் மாணவர் விடுதியொன்று நெடுங்காலமாக ஜேம்ஸ் பீலன் என்பவரின் பெயரைத் தாங்கி நின்றது. அந்நகரின் மேயராகவும் பின்னர் செனற் உறுப்பினராகவும் இருந்த அவர், ஆசிய நாட்டவரின் குடிவரவை எதிர்த்து, கலிபோர்னியா வெள்ளையர்க்கே உரியதாக இருக்கவேண்டும் என்று 1920ஆம் ஆண்டுத் தேர்தலில் பிரசாரம் செய்தவர். 2017ஆம் ஆண்டு மாணவரின் கோரிக்கையை ஏற்று அப்பெயர் நீக்கப்பட்டது. பல நாடுகளிலிருந்தும் வந்து கற்கும் இளையோர் இன்று தங்கும் அக்கட்டடத்தின் பெயர் பேர்ல் ரோலர் மண்டபம்.