பனிநாட்டு இல்லத்திற்கு ஏற்ற விறகடுப்பு

இமயமலைப் பகுதிகளில் வாழும் மக்களுக்கு அடுப்பு என்பது உணவு சமைக்கும் கருவி மட்டுமன்று; பனிக்காலத்தில் உயிரைக் காக்கும் துணையும் ஆகும். காஷ்மீரத்தில் டிசம்பர் 21ஆம் நாள் தொடங்கி நாற்பது நாட்கள் நீடிக்கும் கடுங்குளிர்ப் பருவத்தைச் ‘சில்லை கலான்’ என்று அழைக்கின்றனர். லடாக்கின் லே நகரில் இரவு வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழே 20 டிகிரி சென்டிகிரேட் வரை இறங்குவதுண்டு. இப்பகுதிகளில் அறையைச் சூடாக்க, இரும்புத் தகட்டால் செய்து புகைக்குழாய் பொருத்திய அடுப்பைப் பயன்படுத்துகின்றனர். காஷ்மீரத்திலும் லடாக்கிலும் அதற்குப் ‘புகாரி’ என்று பெயர். இமாசலப் பிரதேசத்தின் லாகுல், ஸ்பிதி, கின்னௌர் பகுதிகளில் ‘தந்தூர்’ என்பர்.

இத்தகைய அடுப்பை வாங்குவோர், பெரிய அடுப்பே மிகுந்த வெப்பம் தரும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அவ்வெண்ணம் பல சமயங்களில் விறகையும் பணத்தையும் வீணாக்குகிறது. சில சமயங்களில் உயிருக்கே கேடு விளைவிக்கிறது. அடுப்பைத் தேர்ந்தெடுக்குமுன் விறகு எவ்வாறு எரிகிறது என்பதை அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

விறகு எரியும் விதம்

விறகுத் துண்டை அடுப்பில் இட்டதும் முதலில் அதிலுள்ள நீர் ஆவியாகிறது. வெப்பம் 200 டிகிரியைத் தாண்டியபின் மரப்பொருள் சிதைந்து, எரியக்கூடிய வாயுக்களும் தார் ஆவிகளும் வெளிப்படுகின்றன. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இவ்வாறு ஆவியாக மாறக்கூடியது, எஞ்சுவதே கரி. இவ்வாயுக்கள் முற்றிலும் எரிவதற்கு 600 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமும், போதிய காற்றும், இரண்டும் கலப்பதற்குச் சற்று நேரமும் வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அவை எரியாமலே புகையாக வெளியேறிவிடுகின்றன. ஆகவே, அடர்ந்த புகை என்பது வீணாகும் எரிபொருளே ஆகும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதில் விளக்கிக் காட்டலாம். மெழுகுவத்தி ஒன்றை ஏற்றிச் சிறிது நேரம் எரியவிட்டு ஊதி அணைத்தால், திரியிலிருந்து வெண்புகை எழும். எரியும் தீக்குச்சியைத் திரியில் படாமல் அப்புகையில் காட்டினால், சுடர் புகையின் வழியே இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். புகை எரியக்கூடியது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஈரமும் வெப்பமும்

புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீராகவே இருக்கலாம். அத்தகைய பச்சை விறகு கிலோகிராமுக்குச் சுமார் 1,900 கிலோ கலோரி வெப்பமே தரும். நன்கு காய்ந்து, ஈரம் 20 சதவீதமாகக் குறைந்த விறகோ சுமார் 3,400 கிலோ கலோரி தரும். மேலும், ஈர விறகு நெருப்பின் வெப்பத்தைக் குறைத்துப் புகையை மிகுவிக்கிறது.

எடைக்கு எடை பார்த்தால் மரவகைகளுக்கிடையே வெப்பத்தில் பெரும் வேறுபாடு இல்லை. ஓக் போன்ற கனத்த மரம் அதே அளவு இடத்தில் கூடுதலான எடை கொண்டிருப்பதால் நெடுநேரம் எரிகிறது. பாப்ளர், வில்லோ போன்ற இலேசான மரங்கள் விரைவில் எரிந்துவிடுகின்றன. எந்த மரமாயினும் அதைப் பிளந்து, காற்றோட்டமாக அடுக்கி, மழையும் பனியும் படாதவாறு மேற்கூரையிட்டு ஒரு கோடைகாலமேனும் உலர்த்துதல் வேண்டும். உலர்ந்த இரு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் ஓசை கணீரென்று கேட்கும். அவற்றின் முனைகளில் வெடிப்புகளும் காணப்படும்.

அடுப்பின் அளவும் அமைப்பும்

அறைக்கு வேண்டியதைவிடப் பெரிய அடுப்பை முழு அளவில் எரித்தால் வெப்பம் தாங்க முடியாததாகிவிடும். எனவே வீட்டார் காற்றுவழியை அடைத்து நெருப்பைக் குமைய விடுகின்றனர். அப்போது வாயுக்கள் எரியாமல் குழாயில் தாராகப் படிகின்றன. இப்படிவு ஒருநாள் தீப்பற்றினால் வீடே எரிந்துபோகக்கூடும். அறையின் அளவுக்கேற்ற சிறிய அடுப்பைக் கொழுந்துவிட்டு எரிய விடுவதே சிக்கனம். கதவு, சன்னல் இடுக்குகளைக் கம்பளத் துணியால் அடைத்தும், கூரையில் வெப்பத்தடுப்பு அமைத்தும் வெப்ப இழப்பைக் குறைத்துவிட்டால் இன்னும் சிறிய அடுப்பே போதுமானது. எனினும் அடுப்பு எரிவதற்கான காற்று வரும் வழியை மட்டும் ஒருபோதும் அடைக்கலாகாது.

மெல்லிய தகட்டால் ஆன அடுப்பு மலிவானது, விரைவில் சூடேறும். ஆயினும் நெருப்பு தணிந்ததும் உடனே ஆறிவிடும். தகடும் நாளடைவில் தேய்ந்து துளைபடும். வார்ப்பிரும்பு அல்லது தடித்த தகட்டால் ஆகி, உட்புறம் செங்கல் பதித்த அடுப்பு வெப்பத்தை நெடுநேரம் தேக்கி வைக்கும். இறுக்கமாக மூடும் கதவு, அடியில் ஒரு காற்றுவழி, வாயுக்களை எரிப்பதற்கு மேற்புறம் மற்றொரு காற்றுவழி ஆகியவை இருத்தல் நலம். மேற்பரப்பு தட்டையாக இருந்தால் சமைக்கவும், பனிக்கட்டியை உருக்கி நீராக்கவும் உதவும்.

புகைக்குழாய்

புகைக்குழாய் கூடியவரை நேராகவும், கூரையின் உச்சியைவிட உயரமாகவும் இருத்தல் வேண்டும். லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே. ஆதலின் குழாயின் இழுப்பாற்றல் குறைகிறது. அத்தகைய இடங்களில் உயரமான குழாய் தேவைப்படும். மலைநாட்டு வீடுகளில் மரவேலை மிகுதி என்பதால், மறைப்பற்ற அடுப்புக்கும் மரச்சுவருக்கும் இடையே மூன்றடி இடைவெளியேனும் விடுதல் அவசியம்.

1983ஆம் ஆண்டு தொடங்கி 2002 வரை மத்திய அரசு நடத்திய மேம்பட்ட அடுப்புத் திட்டம் சமையல் அடுப்புகளைப் பற்றியதே ஆயினும், அதில் கிடைத்த பாடம் இங்கும் பொருந்தும். புகைக்குழாயைத் துப்புரவு செய்யாத, பழுதுபார்ப்பதற்கு ஆள் கிடைக்காத இடங்களில் நல்ல அடுப்புகளும் கைவிடப்பட்டன. ஆகவே அடுப்பை விற்பவரிடம் விலையைக் கேட்பதோடு, குழாயை எவ்வாறு கழற்றித் துடைப்பது என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

போதிய காற்றின்றி எரியும் விறகும் கரியும் கார்பன் மானாக்ஸைடு என்னும் வாயுவை வெளியிடுகின்றன. இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் இது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு சேர்ந்துகொள்கிறது. தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியவை இதன் அறிகுறிகள். உறங்குவோர் இவற்றை உணராமலே இறந்துவிடக்கூடும். பனிநாட்டில் மட்டுமன்றி, உதகமண்டலம், கொடைக்கானல் போன்ற இடங்களிலும் மூடிய அறையில் கரிநெருப்பு வைத்து உறங்கியோர் உயிரிழந்ததுண்டு. புகைக்குழாய் இல்லாத கரியடுப்பை உறங்கும் அறையில் வைக்கலாகாது. குழாயின் அடைப்புத் தகட்டை இரவில் முழுவதும் மூடவும் கூடாது. ஒரே அறையில் பலருக்குத் தலைவலி கண்டால் உடனே அனைவரையும் திறந்த வெளிக்குக் கொணர்ந்து மருத்துவ உதவி நாடவேண்டும்.

களப் பணியாளர் செய்யத்தக்கது

குளிர்காலத்திற்கு முன்னரே வீடு தோறும் சென்று நான்கு செய்திகளை விசாரித்தல் நலம்: விறகு உலர்ந்துள்ளதா, அறையின் இடுக்குகள் அடைபட்டுள்ளனவா, அடுப்பு அறைக்குப் பொருந்துகிறதா, குழாய் துப்புரவாக உள்ளதா? பின்னர் அடுப்பை மூட்டி, கால்மணி நேரம் கழித்து வெளியே வந்து குழாயின் முனையை நோக்குக. புகை ஏறக்குறைய மறைந்திருந்தால் அடுப்பு செவ்வனே எரிகிறது என்று கொள்ளலாம். கரும்புகை தொடர்ந்து எழுமாயின் விறகிலோ, காற்றுவழியிலோ, குழாயிலோ குறை உள்ளது. புதிய அடுப்பு வாங்குமாறு கூறுவதற்கு முன்னர் அக்குறையைக் கண்டு நீக்குவதே முதற்பணி.