மூன்றரை நிமிஷம்

ஆகாய விமானத்தில் போயிருக்கிறீர்களா? போயிருந்தால், வாசலில் கை குவித்து வரவேற்ற பணிப்பெண்ணைக் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். "மிட்டாய்த் தட்டை நீட்டுவதற்கு இவ்வளவு சம்பளமா!" என்று பக்கத்து ஸீட்டு மாமி முணுமுணுத்ததும் உங்கள் காதில் விழுந்திருக்கும். அந்த மாமியிடம் ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு வெகு நாளாக ஆசை.

1968 ஏப்ரல் 8, திங்கட்கிழமை. மாலை சுமார் நாலரை மணி. லண்டன் ஹீத்ரோ நிலையத்திலிருந்து பி.ஓ.ஏ.ஸி. என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் போயிங் 707 விமானம் கிளம்பியது. ஜூரிச், சிங்கப்பூர் வழியாக ஆஸ்திரேலியா போக வேண்டும். பிரயாணிகள் 116 பேர். சிப்பந்திகள் 11 பேர்.

அவர்களில் ஒருத்தி பார்பரா ஜேன் ஹாரிஸன். வயது 22. பிராட்ஃபோர்டில் பிறந்தவள். பாங்கில் கொஞ்ச காலம், அயல்நாட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் கொஞ்ச காலம் என்று இருந்துவிட்டு, 1966-ல் இந்த உத்தியோகத்துக்கு வந்தாள். ஊர் சுற்றிப் பார்க்கும் ஆசை யாருக்குத்தான் இல்லை?

தரையை விட்டுக் கிளம்பி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. 'டமார்' என்று ஒரு சத்தம்; விமானம் குலுங்கியது. இடது இறக்கையில் உடலை ஒட்டியிருந்த எஞ்சினுக்குள் சுழலும் சக்கரம் ஒன்று, உலோகம் களைத்துப் போய், சுக்கு நூறாகச் சிதறிவிட்டது. அடுத்த விநாடி தீ!

உங்கள் வீட்டு அடுப்பில் தீப் பிடித்தால் முதலில் என்ன செய்வீர்கள்? காஸ் வரும் குழாயை மூடுவீர்கள் அல்லவா? விமானத்திலும் அதே நியாயம்தான். ஒரு கைப்பிடியை இழுத்தால் எஞ்சினுக்குப் போகும் எண்ணெய் நின்றுவிடும். அன்று அதை யாரும் இழுக்கவில்லை.

விமானிகளை அவசரப்பட்டுத் திட்டிவிடாதீர்கள். அந்த அறையில் ஒரே நேரத்தில் இரண்டு அபாய ஒலிகள் அலறின. ஒன்று நெருப்பு மணி. மற்றொன்று சக்கரத்தைப் பற்றிய எச்சரிக்கை. ஒன்றை நிறுத்தப்போன கை, தவறுதலாக நெருப்பு மணியை நிறுத்திவிட்டது! எஞ்சின் கெட்டால் செய்ய வேண்டிய காரியங்களுக்கு ஒரு பட்டியல், தீப்பிடித்தால் வேறொரு பட்டியல். ஒன்றைத் தொடங்கி மற்றதற்குத் தாவியதில், கைப்பிடியருகே போன கை அதை இழுக்காமலே திரும்பிவிட்டது. எண்ணெய் பாய்ந்துகொண்டே இருந்தது. (பிற்பாடு கம்பெனி இரண்டு பட்டியல்களையும் ஒன்றாக்கியது.)

எரிந்த எஞ்சின் ஆகாயத்திலேயே கழன்று விழுந்தது. நல்லவேளை, தார்ப் என்ற ஊரில் தண்ணீர் நிறைந்த ஒரு ஜல்லிக் குழியில் விழுந்தது. காப்டன் டெய்லர் கலங்கவில்லை. கிளம்பிய ஓடுபாதைக்குச் சுற்றிக்கொண்டு போக நேரமில்லை என்று, அருகிலிருந்த குட்டையான ஓடுபாதையில், எரியும் இறக்கையுடன் விமானத்தை இறக்கி நிறுத்தினார். கிளம்பியதிலிருந்து இறங்கியது வரை 3 நிமிஷம் 32 விநாடி. நாம் காபி கலக்கும் நேரம்!

நின்ற பிறகுதான் நெருப்பு பூரணமாகத் தன் வேலையைக் காட்டியது. இடது இறக்கை வெடித்தது.

பின்வாசல் ஜேனுக்கும் ஓர் ஆண் பணியாளருக்கும் உரிய இடம். கதவைத் திறந்து, குழந்தைகள் பூங்காவில் இருப்பது போன்ற சறுக்கை வெளியே தள்ளினார்கள். அது முறுக்கிக்கொண்டது. அதைச் சரிசெய்ய அவர் கீழே இறங்கினார். சரிசெய்தும் விட்டார். ஆனால் திரும்ப ஏற வழியில்லை. அவ்வளவு பேருக்கும் அந்த வாசலில் ஜேன் ஒருத்திதான்.

ஒவ்வொருவராக அனுப்பினாள். சற்று நேரத்தில் சறுக்கும் எரிந்து போயிற்று. "குதியுங்கள்!" என்றாள். தயங்கியவர்களைப் பிடித்துத் தள்ளினாள். அந்தப் பக்கம் முழுவதும் தீ சூழ்ந்ததும், மிச்சமிருந்தவர்களை வேறு வாசலுக்குப் போகச் சொல்லிவிட்டு, அவள் மட்டும் அங்கேயே நின்றாள்.

குதிக்கப் போகிறவள் போல் வாசலில் நின்றதை வெளியே இருந்தவர்கள் பார்த்தார்கள். பிறகு திரும்பி உள்ளே போய்விட்டாள்.

பின்வரிசையில் நடமாட முடியாத ஒரு வயோதிக மாது இருந்தாள். நெருப்பு அடங்கிய பின் அந்த மாதின் சடலமும் ஜேனின் சடலமும் அருகருகே கிடந்தன. மாண்டவர்கள் மொத்தம் ஐந்து பேர். பிழைத்தவர்கள் 122 பேர்.

1969-ல் அவளுக்கு ஜார்ஜ் கிராஸ் பதக்கம் அறிவிக்கப்பட்டது. போர்முனைக்கு வெளியே காட்டும் வீரத்துக்கு பிரிட்டனில் அதற்கு மேல் விருது கிடையாது. அதை நேரடியாகப் பெற்ற மற்ற மூன்று பெண்களும் இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரான்ஸில் ரகசிய வேலை பார்த்தவர்கள். அவர்களில் ஒருத்தி, நம் திப்பு சுல்தானின் வம்சத்தில் வந்த நூர் இனாயத் கான்.

ஜேனை யார்க் நகருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். அடுத்த மாதம், மே 24-ந் தேதி, அவளுக்கு 23 வயது பூர்த்தியாகியிருக்கும்.