பஸ்ஸின் கணக்கும் பாதையின் உரிமையும்

வாகன நெரிசல் பற்றிப் பேச்செடுத்தால் எங்கட ஆட்கள் சொல்லும் மருந்து ஒன்றுதான்: "ரோட்ட அகலமாக்க வேணும்." ஆனால் நகரத்துப் பெருவீதிகளை அகலமாக்கினாலும் நெரிசல் நேரத்தில் அவை மீண்டும் நிரம்பிவிடும் என்பதை அந்தனி டவுன்ஸ் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1962இலேயே விளக்கிவிட்டார். வீதி இலகுவானதும், வேறு பாதையால் போனவர்களும், வேறு நேரத்தில் போனவர்களும், பஸ்ஸில் போனவர்களும் அங்கேயே வந்து சேர்வார்கள். ஆகவே நாம் கேட்க வேண்டியது வேறு கேள்வி. வசதி கொஞ்சம் வந்ததும் மக்கள் ஏன் பஸ்ஸை விட்டு ஓடுகிறார்கள்?

இலங்கையில் 1958 ஜனவரி முதலாம் திகதி பஸ் கம்பனிகள் அரசுடைமையாகி, போக்குவரத்துச் சபை உருவானது. 1970களின் இறுதியில் தனியார் பஸ்களுக்கு மீண்டும் வழிவிடப்பட்டது. அவற்றில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு பஸ் வைத்திருக்கும் சிறு முதலாளிகளுடையவை. சாரதிக்கும் கொண்டக்டருக்கும் பெரும்பாலும் மாதச் சம்பளம் இல்லை. அன்றைய கலெக்‌ஷனில்தான் பங்கு. அதனால் ஆட்கள் சேரும்வரை பஸ் தரிப்பிடத்தில் கிடக்கும். பின்னால் அடுத்த பஸ் தெரிந்தால் பறக்கும். "டிரைவருக்குப் புத்தி இல்ல" என்று ஏசுகிறோம். அவருக்குப் புத்தி இருக்கிறது. கூலிக் கணக்குத்தான் அவரை அப்படி ஓட்ட வைக்கிறது.

இந்தக் கணக்கின் நட்டம் எங்கட வீடுகளுக்கும் வருகிறது. நெரிசலுக்குள் நசுங்கிப் போக வேண்டாம் என்று மகளின் வகுப்பை நிறுத்துகிறோம். இல்லாவிட்டால் வட்டியோடு லீசிங் எடுத்து ஓட்டோவோ மோட்டார் சைக்கிளோ வாங்குகிறோம். வட்டி ஹராம் என்று தெரிந்த குடும்பம்கூட "வேற வழி இல்லியே" என்கிறது. ஒழுங்கான பஸ் இல்லாத ஊரில் வாகனம் ஆடம்பரமல்ல, கட்டாயச் செலவு.

எங்களைப் போன்ற இன்னொரு நகரத்தைப் பார்ப்போம். இந்தோனேசியாவின் ஜகார்த்தாவிலும் இதே கதைதான். அங்கே சிறு பஸ் ஓட்டுபவர் உரிமையாளருக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். மிஞ்சுவதுதான் அவருடைய கூலி. அதற்கு 'செத்தோரான்' என்று பெயர். 2004 ஜனவரியில் பிளோக் எம் என்ற இடத்திலிருந்து கோத்தா வரை, வேறு வாகனங்கள் நுழையாதபடி தடுத்த தனிப்பாதையில் டிரான்ஸ்ஜகார்த்தா பஸ்கள் ஓடத் தொடங்கின. இதில் முக்கியம் பாதை மட்டுமல்ல, கொடுப்பனவும்தான். பஸ் கம்பனிக்கு ஆள் எண்ணிக்கைக்கல்ல, ஓடிய கிலோமீற்றருக்குக் காசு. ஆளுக்காகக் காத்து நிற்கவும் தேவையில்லை, முந்திப் பறக்கவும் தேவையில்லை. பிற்காலத்தில் ஒழுங்கைகளுக்குள் ஓடும் சிறு வேன்களும் இந்த முறைக்குள் சேர்க்கப்பட்டன. பஸ்ஸின் முன்பகுதி பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டது.

ஜகார்த்தாவில் நெரிசல் ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. காரும் மோட்டார் சைக்கிளும் அங்கேயும் பெருகிக்கொண்டேதான் இருக்கின்றன. முக்கிய வீதிகளில் காலையும் மாலையும் காரில் மூன்று பேராவது இருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டார்கள். உடனே வீதியோரத்தில் நின்று, கூலிக்குக் காரில் ஏறி ஆள் கணக்குக் காட்டுவதே ஒரு தொழிலாகிவிட்டது! 2016இல் அந்தச் சட்டத்தைக் கைவிட்டார்கள். தடை மட்டும் போட்டால் மக்கள் குறுக்கு வழி தேடுவார்கள். நம்பி ஏறக்கூடிய பஸ்ஸும் இருக்க வேண்டும்.

தனிப்பாதை ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு பஸ்ஸில் 50 பேர். அதே 50 பேர் காருக்கு இரண்டு பேராகப் போனால் 25 கார். ஒட்டி நின்றாலே 100 மீற்றருக்கு மேல் வரிசை. பஸ்ஸின் நீளமோ 12 மீற்றர்தான். ஆனால் நெரிசலில் அந்த 50 பேரும் 25 காருக்குப் பின்னால்தான் நிற்கிறார்கள்.

பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்றும், பாதைக்கு அதன் உரிமையைக் கொடுக்க வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். முள்ளையும் கல்லையும் அகற்றுவதோடு அது முடிந்துவிடாது என்பது என் எண்ணம். தேர்தல் காலத்தில் ஊருக்கு வருபவர்களிடம் காபட் வீதி கேட்கும் பள்ளிவாசல் நிர்வாகங்கள் இனி இரண்டு விடயங்களையும் சேர்த்துக் கேட்கட்டும்: சாரதிக்கு நிரந்தரச் சம்பளம், பஸ்ஸுக்குத் தனிப்பாதை.