உண்ணலாம், கூடையில் எடுக்கலாகாது

(வானொலி மறையுரை. பொதுக்காலம் 25-ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு. வாசகங்கள்: ஆமோஸ் 8:4-7, லூக்கா 16:1-13)



இன்றைய முதல் வாசகத்தில் இறைவாக்கினர் ஆமோஸ் வியாபாரிகளைக் கடுமையாகச் சாடுகிறார். ஓய்வுநாள் எப்போது முடியும், கடையை எப்போது திறக்கலாம் என்று காத்திருப்பவர்கள், மரக்காலைச் சிறிதாக்கி எடைக்கல்லைப் பெரிதாக்குபவர்கள், பதரையும் கோதுமையோடு சேர்த்து ஏழையின் தலையில் கட்டுபவர்கள். இந்த வாசகம் வாசிக்கப்படும்போது நம்மில் பலருக்கு உள்ளூர ஒரு திருப்தி ஏற்படுகிறது. நமக்கு எடை குறைத்துப் போட்ட தராசும், வருடத்துக்கு வருடம் சிறுத்துக்கொண்டே போகும் ஓட்டல் வடையும் நினைவுக்கு வருகின்றன. "நன்றாகக் கேட்டார் ஆமோஸ்" என்கிறோம்.

நற்செய்தி நம்மை அங்கேயே உட்கார விடவில்லை. சிறு காரியத்தில் நேர்மை இல்லாதவருக்குப் பெரிய காரியத்திலும் நேர்மை இராது என்று ஆண்டவர் சொல்லும்போது, கல்லாவில் இருப்பவரை மட்டும் பார்த்துச் சொல்லவில்லை. எதிரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடும் நம்மையும் பார்த்தே சொல்கிறார். கடைக்காரர் நம்மை ஏமாற்றினால் அது பாவம் என்று நமக்குத் தெரியும். வாடிக்கையாளராகிய நாம் கடைக்காரரிடம் செய்வது என்ன? இன்று அதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

நம் சாப்பாட்டுக் கடைகளில் நடப்பது

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று நாம் வாழும் இந்தப் பகுதி நேரம் காலம் பாராமல் உழைக்கும் பகுதி. இருட்டு விலகும் முன்பே மீன் ஏலத்துக்குப் போகிறவர், முதல் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் பிடிக்கிறவர், துறைமுகத்துக்குள் நுழையக் கன்டெய்னர் லாரியை வரிசையில் நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் ஓட்டுநர். இவர்கள் எல்லாரும் பசியாறுவது டீக்கடையிலும், தள்ளுவண்டியிலும், தெருமுனை மெஸ்ஸிலும், கையேந்தி பவனிலும்தான். இந்தக் கடைகள் பெரும்பாலும் நம்பிக்கையின் மேல் நடக்கின்றன. தட்டில் இருக்கும் பஜ்ஜியை நாமே எடுத்துக்கொள்கிறோம். கடைசியில் "எத்தனை?" என்று அக்கா கேட்கிறார். நாம் சொல்லும் எண்தான் பில். அவருக்கு வேறு கணக்கு நோட்டு இல்லை; நம் மனசாட்சிதான் அவருடைய கணக்கு நோட்டு.

அங்கேதான் சின்னச் சின்ன வளைப்புகளும் நடக்கின்றன. நான்கு சாப்பிட்டுவிட்டு மூன்று என்கிறோம். அளவில்லாச் சாப்பாட்டுக்கு ஒரு டோக்கன் வாங்கி, ஒரே இலையில் இருவர் கை வைக்கிறோம். "கூட்டு நிறையப் போடுங்க" என்று கேட்டு வாங்கி, யாரும் பார்க்காதபோது பையில் இருக்கும் டப்பாவில் சரிக்கிறோம். சப்ளையர் தம்பியின் கையில் பத்து ரூபாயைத் திணித்து, குழம்புக்கு அடியில் இன்னொரு மீன் துண்டை மறைத்து வாங்குகிறோம். கூட்ட நேரத்தில் போனைத் தூக்கிக் காட்டி, "பணம் போட்டாச்சு" என்று சொல்லிவிட்டு நடக்கிறோம். கேட்டால், "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று சிரிக்கிறோம்.

திராட்சைத் தோட்டத்தின் சட்டம்

இது ஒரு விஷயம்தான் என்று விவிலியம் சொல்கிறது. இணைச்சட்ட நூல், 23-ஆம் அதிகாரத்தின் இறுதியில் (23:24-25) அழகான ஒரு சட்டம் இருக்கிறது. அடுத்தவருடைய திராட்சைத் தோட்டத்துக்குள் போனால் வயிறு நிறையப் பழம் உண்ணலாம்; ஆனால் ஒன்றைக்கூடக் கூடையில் போட்டுக்கொள்ளக் கூடாது. விளைந்த வயலுக்குள் போனால் கையால் கதிர் கொய்யலாம். ஆனால் அரிவாள் வைக்கக் கூடாது.

இந்தச் சட்டத்துக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. தோட்டக்காரரிடம், "பசித்து வந்தவனை விரட்டாதே" என்கிறது. வந்தவனிடம், "அவருடைய தாராளத்தை மூட்டை கட்டாதே" என்கிறது. ஓய்வுநாளில் சீடர்கள் வயல் வழியே போகும்போது பசியால் கதிர் கொய்து தின்றார்கள் என்று மத்தேயு எழுதுகிறார் (12:1). பரிசேயர்கள் அதில் கண்ட குற்றம் ஓய்வுநாளை மீறியது மட்டுமே. திருடினார்கள் என்று அவர்களும் சொல்லவில்லை. கையால் கொய்து தின்னச் சட்டமே இடம் கொடுத்திருந்தது.

அளவில்லாச் சாப்பாடு என்று போர்டு வைத்திருக்கும் மெஸ்காரரும் ஒரு வகையில் இதே சட்டத்தைத்தான் பின்பற்றுகிறார். "உன் வயிறு கேட்கும் வரை போடுகிறேன்" என்கிறார். அவர் வைத்திருக்கும் விலை ஒரு வயிற்றுக்குக் கணக்குப் போட்ட விலை. மூன்றாவது முறை சோறு கேட்பது நம் உரிமை. அதில் கூச்சம் வேண்டாம். அந்தச் சோறு டப்பாவுக்குள் போகும்போதுதான் கூடை வந்துவிடுகிறது.

ஒரு ரூபாய் இட்லியும் பார்சலும்

நம் நகரத்திலேயே இந்தச் சட்டம் கண் முன் நின்ற இடம் ஒன்று உண்டு. 2013 பிப்ரவரியில் முதலமைச்சர் ஜெயலலிதா காலத்தில் சென்னை மாநகராட்சி மலிவு விலை உணவகங்களைத் தொடங்கியது. பின்னர் 'அம்மா உணவகம்' என்று பெயர் பெற்ற இவற்றில் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த பெண்கள் சமைத்துப் பரிமாறினார்கள். சுமை தூக்குபவர், ரிக்‌ஷாக்காரர், நோயாளிக்குத் துணையாக வந்தவர் எல்லாரும் பயன் பெற்றார்கள். அங்கே ஒரு விதி: அங்கேயே சாப்பிட வேண்டும், பார்சல் கிடையாது.

இந்த விதி ஏன்? ஒரு ரூபாய்க்கு இட்லி செய்ய முடியாது என்பது சமைக்கத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். மீதிச் செலவை மக்களின் வரிப்பணம் தாங்குகிறது. நின்று சாப்பிடுகிறவர் தன் வயிற்றுக்கு மேல் சாப்பிட முடியாது. தூக்குவாளியோடு வருகிறவருக்கு அந்த எல்லை இல்லை. ஒருவர் வீட்டுக்கு இருபது இட்லி எடுத்துப் போனால், அண்டா காலியாகும் நேரத்தில் வரிசையின் கடைசியில் நிற்பவர் வெறுங்கையோடு திரும்புவார். அவர் பெரும்பாலும் வேலை முடிந்து தாமதமாக வருகிறவராகவோ, வேகமாக நடக்க முடியாத முதியவராகவோ இருப்பார். விதியை வளைத்தவர் அவர் முகத்தைப் பார்ப்பதே இல்லை. சிறிய வளைப்புகளில் இருக்கும் ஆபத்தே அதுதான்: யாருடைய தட்டிலிருந்து எடுத்தோம் என்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

"சின்ன விஷயம்தானே!"

நம்மிடம் எப்போதும் மூன்று சமாதானங்கள் தயாராக இருக்கின்றன. முதலாவது, "சின்ன விஷயம்தானே!" இரண்டாவது, "அவர் மட்டும் கொள்ளை லாபம் அடிக்கவில்லையா?" மூன்றாவது, "எல்லாரும்தான் செய்கிறார்கள்."

முதல் இரண்டும் திருச்சபைக்குப் புதியவை அல்ல. மனசாட்சிக்கு அளவுக்கு மீறிச் சலுகை கொடுத்த 65 கருத்துகளைத் திருத்தந்தை பதினோராம் இன்னொசென்ட் 1679-ஆம் ஆண்டு கண்டனம் செய்தார். அவற்றில் ஒன்று: சிறுகச் சிறுகத் திருடியது எவ்வளவு பெரிய தொகையாகச் சேர்ந்தாலும், அதைத் திருப்பிக் கொடுக்காமல் இருப்பது சாவான பாவம் ஆகாது என்பது. இன்னொன்று: உழைப்புக்கு ஏற்ற சம்பளம் தரப்படவில்லை என்று வேலைக்காரர் தாமே முடிவு செய்து, எஜமானர் வீட்டிலிருந்து இரகசியமாக எடுத்துக்கொள்ளலாம் என்பது. இரண்டையும் திருச்சபை ஏற்கவில்லை. சிறியவை கூடிப் பெரியதாகும். நம் வழக்குக்கு நாமே நீதிபதியாக உட்கார்ந்து, இருட்டில் தீர்ப்பை நிறைவேற்றுவது நீதி ஆகாது. விலை அதிகம் என்றால் வேறு கடைக்குப் போகலாம். அளவு குறைவு என்றால் எல்லார் முன்னாலும் கேட்கலாம். மறைத்து எடுக்கும் உரிமை நமக்கு இல்லை.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு பஜ்ஜி 10 ரூபாய். மாவு, எண்ணெய், கேஸ் செலவு போக அக்காவுக்கு அதில் 2 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாம் ஒரு பஜ்ஜியைக் கணக்கில் விட்டால், அவர் போட்ட 8 ரூபாய் போகிறது. அதை மீட்க இன்னும் நான்கு பஜ்ஜி விற்க வேண்டும். இப்படி ஒரு நாளைக்குப் பத்துப் பேர் ஒவ்வொரு பஜ்ஜியை விட்டால், நாற்பது பஜ்ஜி விற்ற லாபம் அதிலேயே கரைந்துவிடும். கொதிக்கும் எண்ணெய் முன் அவர் நின்ற நேரமும் அதோடு போகிறது.

பெரிய கடை என்றால் நட்டம் முதலாளிக்குத்தானே என்று நினைக்க வேண்டாம். பில்லில் குறைந்த பணத்தைச் சப்ளையரின் சம்பளத்தில் பிடிக்கும் கடைகள் உண்டு. அந்தச் சப்ளையர் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த, மொழி தெரியாத இளைஞராக இருக்கலாம். ஆமோஸ் யாருக்காகக் குரல் கொடுத்தாரோ, அந்த ஏழை இப்போது நம் மேசையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் பத்து ரூபாய் கொடுத்து ஒரு மீன் துண்டை மறைத்து வாங்கும்போது, நாம் கொடுப்பது அன்பளிப்பு அல்ல. முதலாளியின் பொருளை விற்க அவரைத் தூண்டுகிறோம். பிடிபட்டால் வேலை போவது அவருக்கே. இன்றைய உவமையில் வரும் வீட்டுப் பொறுப்பாளர் தலைவரின் கடன் சீட்டுகளைத் திருத்தியது நமக்குத் தெரியும். அந்த ஆளாக இந்தத் தம்பியை நாமே மாற்றுகிறோம்.

எது பாவம் அல்ல?

அதே நேரம் வீணான மனக்குழப்பமும் வேண்டாம். காசு கொடுத்து வாங்கிய பிரியாணியில் மீந்ததைக் கட்டித் தரச் சொல்வது தவறு அல்ல, நல்லதே. மீதித் துண்டுகள் வீணாகாதபடி சேர்க்கச் சொன்னவர் நம் ஆண்டவர் (யோவான் 6:12). "இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்துங்க அண்ணே" என்று கேட்பதும், அவர் மனமுவந்து ஊற்றுவதும் நம் ஊர் வழக்கம். "குழந்தைக்கு என் இலையிலிருந்து இரண்டு வாய் ஊட்டலாமா?" என்று கேட்டால் பெரும்பாலான கடைக்காரர்கள் தனி இலையே போட்டுவிடுவார்கள். கேட்டுப் பெறுவது உறவை வளர்க்கிறது. கேளாமல் எடுப்பது அதை அறுக்கிறது.

உண்மையான பசி என்றால்? மலிவு உணவகத்தின் வரிசையில் நிற்கும் ஒரு மகள், படுக்கையில் கிடக்கும் தன் தாய்க்கு இரண்டு இட்லியை டப்பாவில் வைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளைத் திருடி என்று திருச்சபை சொல்லாது. உயிர் வாழ வேறு வழியே இல்லாத அவசரத் தேவையில் அடுத்தவர் பொருளை எடுப்பது திருட்டு ஆகாது என்று புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பித்தார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் (எண் 2408) அதையே சொல்கிறது. ஆனாலும் அவள் பரிமாறும் பெண்ணிடம், "அம்மாவால் எழுந்து வர முடியவில்லை" என்று சொல்லட்டும். விதி மனிதருக்காகவே உண்டானது. அதைத் தளர்த்தும் இரக்கத்தைக் காட்ட மற்றவருக்கும் ஒரு வாய்ப்பு கொடுப்போம். அப்படி ஒரு தாய் நம் தெருவில் இருந்தால், அவருக்குச் சோறு கொண்டுபோவது நம் அன்பியத்தின் கடமை என்பதையும் மறக்க வேண்டாம். இந்த நெருக்கடியைத் தங்களுக்கும் ஒரு சாக்காக எடுத்துக்கொள்ள, பையில் பணம் இருப்பவர்களுக்கு வழி இல்லை.

என்ன செய்யலாம்?

சக்கேயு மனம் மாறியபோது கண்ணீரோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார் (லூக்கா 19:8). எடுத்ததைத் திருப்பித் தருவது நீதியின் கடமை என்று மறைக்கல்வி நூலும் (எண் 2412) அவரையே எடுத்துக்காட்டுகிறது. ஒப்புரவு அருளடையாளம் பெறுவதோடு இதையும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

இந்த வாரம் நாம் வழக்கமாகச் சாப்பிடும் கடைக்குப் போகும்போது மூன்று காரியங்கள் செய்வோம். கணக்கில் விட்டது நினைவிருந்தால், "போன தடவை ஒண்ணு குறைச்சுச் சொல்லிட்டேன் அக்கா" என்று சொல்லிக் கொடுத்துவிடுவோம். சொல்ல நா எழவில்லை என்றால், அடுத்த பில்லில் சேர்த்துக் கொடுத்துவிட்டு மீதியைக் கேளாமல் வருவோம். அந்தக் கடையே இப்போது இல்லை என்றால், அந்தத் தொகையைப் பசித்த ஒருவரின் சாப்பாட்டுக்குக் கொடுப்போம். இரண்டாவதாக, நம் பிள்ளைகள் பக்கத்தில் நிற்கும்போது எண்ணிக்கையைச் சத்தமாகவும் சரியாகவும் சொல்வோம். ஏழாம் கட்டளையை அவர்கள் மறைக்கல்வி வகுப்பில் படிக்கிறார்கள். அதன் பொருளை நம் பக்கத்தில் நின்றுதான் கற்றுக்கொள்கிறார்கள். மூன்றாவதாக, பரிமாறும் தம்பியின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம். பெயர் தெரிந்தவரை ஏமாற்ற எளிதில் மனம் வராது.

நற்கருணைப் பந்தியில் நாம் எல்லாரும் ஒரே அப்பத்தில் பங்கு பெறுகிறோம். அங்கே யாரும் இரு மடங்கு எடுப்பதில்லை. யாருக்கும் இல்லாமல் போவதும் இல்லை. அந்தப் பந்தியிலிருந்து எழுந்து போகும் நாம், தெருமுனைக் கடையின் பெஞ்சிலும் அதே மக்களாக உட்காரும் வரத்தை இறைத்தந்தை நமக்குத் தருவாராக. ஆமென்.