மருந்தை வெளியே தள்ளும் புரதம்

திருப்புறம், பாறசாலைப் பக்கத்தில் மார்பில் கட்டி என்றால் பேச்சு கடைசியில் 'ஆர்.சி.சி.'யில் போய் நிற்கும். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1981-இல் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையம் அது. குமரி மாவட்டத்திலிருந்தும் அங்கே போகிறார்கள். பயாப்சிக்குப் பிறகு கைக்கு வரும் அறிக்கையில் இ.ஆர்., பி.ஆர்., ஹெர்2, கே.ஐ.67 என்று நான்கு குறிப்புகள் இருக்கும். நான்கும் புரதங்கள். ஒரே கீமோ ஒருவருக்குக் கட்டியைக் கரைப்பதும் இன்னொருவருக்கு அசைக்காமல் விடுவதும் ஏன் என்பதற்கு இவற்றில் பாதி விடை இருக்கிறது.

முதல் இரண்டும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்களின் ஏற்பிகள். சென்னையில் பிறந்து, பெர்க்லியில் 1964-இல் முனைவர் பட்டம் பெற்ற சியாமளா கோபாலன் (ஆம், கமலா ஹாரிஸின் தாயார்) ஆராய்ந்தது இரண்டாவதைத்தான். ஏற்பிகள் நிறைந்த கட்டி பெரும்பாலும் மெதுவாக வளரும். கீமோ, பிரிந்து பெருகும் செல்லையே அதிகம் தாக்கும் என்பதால் இத்தகைய கட்டி அதற்கு அவ்வளவாகச் சுருங்காது. ஹார்மோனைத் தடுக்கும் டமாக்சிபென் போன்ற மாத்திரைகளே இங்கே முக்கியம். முதல் மூன்றும் இல்லாத 'டிரிப்பிள் நெகட்டிவ்' மூர்க்கமானது. ஆனால் கீமோவுக்கு அடிக்கடி பணிவதும் அதுதான்! ஹெர்2 மிகுந்தால், 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப் என்ற மருந்து கீமோவோடு சேரும். கே.ஐ.67, பிரியும் செல்கள் எத்தனை சதவீதம் என்று காட்டும்.

அறிக்கையில் வராத ஒரு புரதமும் உண்டு.

1976-இல் டொரன்டோவில் ஜூலியானோவும் விக்டர் லிங்கும் வெள்ளெலிச் செல்களை ஆராய்ந்தார்கள். நம் செங்காந்தளிலும் உள்ள கோல்ச்சிசின் என்ற நஞ்சுக்கு அவை பழகியிருந்தன. அதுவரை பார்த்தேயிராத வேறு மருந்துகளும் அவற்றிடம் பலிக்கவில்லை. செல்லின் மேலுறையில் ஒரு புரதம் மிகுந்திருந்தது: பி-கிளைக்கோபுரதம். பொழியூர்க் கடலில் வள்ளத்துக்குள் ஏறும் தண்ணீரை இறைத்துக் கொட்டுவதுபோல, உள்ளே வந்த மருந்தை அது வெளியே தள்ளுகிறது. டாக்சோரூபிசின், பாக்ளிடாக்செல் என்று மார்பகப் புற்றுக்கு அன்றாடம் கொடுக்கும் மருந்துகளும் அதற்குத் தப்புவதில்லை.

அந்தப் புரதத்தை அடைத்துவிட்டால்? வெராபமில் என்ற இதய மருந்து ஆய்வுக்கூடத்தில் அடைத்தது. நோயாளிகளிடம் பெரிதாக உதவவில்லை. குடலையும் மூளையையும் நஞ்சிலிருந்து காப்பது அதே புரதம்தான். அதை முடக்கினால் மருந்தின் நச்சு உடம்பையே வதைக்கும்.

நோய் திரும்பி வந்தால், அறிக்கையில் இருந்த ஏற்பிகளும் மாறியிருக்கக்கூடும். பழைய அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள். மறுபடி பயாப்சி தேவையா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.