தள்ளிப்போகும் குழிகள்

பந்து பறக்கும் தூரம் கூடக் கூட கோல்ஃப் மைதானங்களைத் தோண்டித் திருத்துகிறார்கள். நிலம் உள்ளவர்களுக்கு ஒரு வழி, இல்லாதவர்களுக்கு வேறு வழி

2025 அக்டோபரில் தில்லி கோல்ஃப் கிளப்பில் ஆட வந்த ரோரி மெக்கில்ராய், மைதானத்தைப் பார்த்ததும் ஒரு முடிவுக்கு வந்தார். இந்த வாரம் டிரைவர் வேண்டாம். பையில் இருப்பதிலேயே நீளமான மட்டை அது. பந்தை 300 கஜத்துக்கு அப்பால் அனுப்ப அவர் நம்பியிருக்கும் ஆயுதம். ஆறு மாதம் முன்புதான் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்று, நான்கு பெரிய போட்டிகளையும் கைப்பற்றிய ஆறாவது ஆட்டக்காரர் ஆகியிருந்தார். அப்படிப்பட்டவர் தில்லியின் முட்புதர்களுக்கு முன்னால் அடக்கி வாசித்தார்.

இத்தனைக்கும் தில்லி மைதானத்தின் மொத்த நீளம் 7,000 கஜத்துக்கும் குறைவு. இன்றைய சர்வதேசப் போட்டிகளின் கணக்கில் இது குட்டை மைதானம். ஆனால் இரு பக்கமும் மரங்கள் நெருக்க, நடுவே ஒடுங்கலான புல் பாதை. சற்று விலகினால் பந்து புதருக்குள் போய்விடும். பல நேரங்களில் தேடிப் பயனில்லை.

கோல்ஃபில் ‘குழி’ என்றால் கொடி நட்ட நாலேகால் அங்குலப் பள்ளம் மட்டுமல்ல. முதல் அடி அடிக்கும் டீ மேடை, புல் கத்தரித்த ஃபேர்வே, வழியில் மணல் நிரப்பிய பங்கர்கள், கொடி நிற்கும் வழவழப்பான கிரீன் எல்லாம் சேர்ந்த நிலத்துக்கே அந்தப் பெயர். முழு ஆட்டத்துக்கு 18 குழிகள். ஒரு குழியைத் திருத்துவது என்பது சில ஏக்கர் நிலத்தைப் புரட்டிப் போடுவது.

ஏன் திருத்த வேண்டும்? 1980-ல் அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் சராசரி டிரைவ் 257 கஜம். இப்போது அது 300-ஐ ஒட்டி நிற்கிறது. மரத்தலை மட்டைகள் போய் டைட்டானியம் வந்தது. 2000 வாக்கில் ரப்பர் இழை சுற்றிய பந்துகள் போய் திடமான உள்ளீடு கொண்ட பந்துகள் வந்தன. 240 கஜத்தில் பந்து விழும் என்று கணக்குப் போட்டு வெட்டிய பங்கர்கள், பந்து தலைக்கு மேலே பறப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா கிடக்கின்றன. அவற்றை முன்னால் நகர்த்த வேண்டும், அல்லது டீ மேடையைப் பின்னால் இழுக்க வேண்டும்.

இந்த வேலையை அலுக்காமல் செய்துவருவது மாஸ்டர்ஸ் நடக்கும் அகஸ்டா நேஷனல் கிளப். 1934-ல் முதல் போட்டி நடந்தது. அடுத்த ஆண்டே முதல் ஒன்பது குழிகளும் பின் ஒன்பது குழிகளும் இடம் மாறின. 1937-ல் பத்தாவது கிரீனைப் பின்னால் மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். 1947-ல் 16-வது குழியில் ஓடை இருந்த இடத்தில் குளம் வந்தது. 1997-ல் 21 வயது டைகர் உட்ஸ் 12 அடி வித்தியாசத்தில் ஜெயித்தபோது கிளப்பின் பெரியவர்களுக்குத் தூக்கம் போயிருக்க வேண்டும். 2002 போட்டிக்குள் ஒன்பது குழிகள் மாற்றப்பட்டு, மைதானம் 285 கஜம் நீண்டது.

ஆனாலும் 13-வது குழி தொல்லையாகவே இருந்தது. ஐந்து அடியில் முடிக்க வேண்டிய, இடப்பக்கம் வளையும் குழி. கிரீனுக்கு முன்னால் ஒரு சின்ன ஓடை. இரண்டாவது அடியிலேயே ஓடையைத் தாண்டத் துணிவதா, இல்லை இப்பால் நிறுத்திக்கொள்வதா என்று ஆட்டக்காரர் குழம்ப வேண்டும் என்பதே கிளப்பை நிறுவிய பாபி ஜோன்ஸின் எண்ணம். 2014-ல் பப்பா வாட்சன் மரங்களுக்கு மேலாக 366 கஜம் அடித்தார். மிச்சம் இருந்தது சுமார் 140 கஜம். குழம்ப என்ன இருக்கிறது?

டீ மேடையைப் பின்னால் நகர்த்தலாம் என்றால், பின்னால் இருந்தது பக்கத்து கிளப்பான அகஸ்டா கன்ட்ரி கிளப்பின் நிலம். 2017-ல் அதையே வாங்கிவிட்டார்கள். இதனால் பக்கத்துக்காரர்களும் தங்கள் குழிகளைத் திருத்தி அமைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று! 2023 போட்டியில் 13-வது குழி 510 கஜத்திலிருந்து 545 ஆகியிருந்தது. 2025-ல் கடைசி நாள், முன்னிலையில் இருந்த அதே மெக்கில்ராய் அங்கே இரண்டாவது அடியில் துணியாமல் ஓடைக்கு இப்பால் நிறுத்தினார். பிறகு நூறு கஜம்கூட இல்லாத தூரத்திலிருந்து மூன்றாவது அடியை ஓடைக்குள் போட்டார். ஏழு அடி. பட்டம் கைநழுவிப் போகப் பார்த்தது.

இப்படி நிலம் வாங்க எத்தனை கிளப்புகளால் முடியும்? தில்லியில் நினைத்தே பார்க்க முடியாது. 1930களில் முனிசிபல் மைதானமாகத் தொடங்கியபோது சுற்றிலும் காடும் கல்லறைகளும்தான். இப்போது ஜாகிர் உசேன் சாலையும் பணக்காரக் குடியிருப்புகளும் ஓட்டல்களும் வளைத்திருக்கின்றன. உள்ளேயோ லால் பங்களா போன்ற முகலாயர் காலக் கல்லறைகள். அவற்றைக் கட்டடக் கலைஞர் எவரும் தொட முடியாது. 1970களில் ஆஸ்திரேலியரான பீட்டர் தாம்சன் இதைத் திருத்தி அமைத்தார். 1964-ல் இதே மைதானத்தில் முதல் இந்திய ஓபனை வென்றவர் அவர். 2019-ல் தென்னாப்பிரிக்காவின் கேரி பிளேயர் கைக்கு வேலை வந்தபோது, நீட்ட இடமில்லை. மரங்களுக்கு நடுவே போகும் பழைய தடத்தை வைத்துக்கொண்டு கிரீன்களில்தான் கை வைக்க முடிந்தது.

கிரீன்களைத் தொடுவது மேலோட்டமான வேலை அல்ல. புல்லை இப்போது மூன்று மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒட்டக் கத்தரிக்கிறார்கள். புல் உயரமாகவும் பந்து மெதுவாகவும் இருந்த காலத்தில் போட்ட சரிவுகளில், இன்றைக்கு லேசாகத் தட்டிய பந்துகூட நிற்காமல் உருண்டு கிரீனை விட்டே வெளியேறிவிடும். ஆகவே சரிவைச் சமன் செய்ய வேண்டும். அதற்குத் தோண்டும்போது அடியில் வடிகால் குழாய், மேலே 10 சென்டிமீட்டர் ஜல்லி, அதற்கும் மேலே 30 சென்டிமீட்டர் மணல் கலவை என்று மொத்தமும் புதிதாக வேண்டும். மாதக்கணக்கில் மைதானம் மூடிக்கிடக்கும். சந்தா கட்டிய உறுப்பினர் வீட்டில் உட்கார்ந்திருப்பார்.

எந்த ஊர் கிளப்பிலும் சண்டை வருவது இங்கேதான். பெரிய போட்டி நடப்பது ஆண்டுக்கு நான்கு நாள். மற்ற நாட்களில் ஆடுவது, 200 கஜம் அடித்தாலே பூரித்துப்போகும் வக்கீலும் ஓய்வுபெற்ற கர்னலும். அவர்களுக்குப் பழைய குழிகளே போதுமான கஷ்டம் கொடுத்தன.

மரம் விஷயத்தில் சண்டை இன்னும் பலம். பிட்ஸ்பர்க் அருகே உள்ள ஓக்மான்ட் மைதானம், நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானபோது திறந்த வெளி. பின்னாளில் அழகுக்காக மரம் நட்டு அடைத்துவிட்டார்கள். பழைய வடிவத்துக்குத் திரும்ப முடிவு செய்த நிர்வாகிகள், 1990களில் விடியும் முன் ஆளனுப்பி மரங்களை வெட்டி, அடிக்கட்டையை நீக்கி, காலையில் வரும் உறுப்பினர் கண்ணில் படாதபடி தடயத்தை மூடினார்கள். கண்டுபிடித்தபோது கிளப் இரண்டுபட்டது. வெட்டுவது மட்டும் நிற்கவில்லை. பல ஆயிரம் மரங்கள் போயின. தில்லியில் இதைச் செய்தால் மெக்கில்ராயின் டிரைவர் மறுபடி வெளியே வந்துவிடும். ஒரு மைதானத்தில் கெடுதல் செய்த மரம், இன்னொன்றில் அதன் ஒரே அரண்.

மைதானத்துக்குப் பதில் பந்தைத் திருத்தினால் என்ன? விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ, யு.எஸ்.ஜி.ஏ. அமைப்புகள் 2023 டிசம்பரில் அந்த முடிவுக்குத்தான் வந்தன. பந்து போகும் தூரத்தைக் குறைக்கும் வகையில் சோதனை விதிகளைக் கடுமையாக்கப்போவதாக அறிவித்தன. பந்து தயாரிப்பாளர்களுக்கு இது பிடிக்கவில்லை.

தில்லியில் அந்த வாரம் வென்றவர் இங்கிலாந்தின் டாமி ஃபிளீட்வுட். நான்கு நாட்களில் பாருக்கு 22 அடி குறைவாக ஆடினார். ‘குட்டை மைதானம் என்றால் இப்படித்தான்’ என்று சொல்ல வாய்ப்புக் கொடுக்கும் எண் அது. டிரைவரை ஒதுக்கிவைத்த மெக்கில்ராய் முதல் இருபது இடங்களுக்குள் வரவில்லை.