சுவர் எழுத்தை அழிக்கும் நீரும் சுவரின் ஆயுளும்

புது தில்லி: தேர்தல் தேதி தில்லியில் அறிவிக்கப்பட்டவுடன் நாடெங்கும் சுவர்களுக்கும் கெடு தொடங்கிவிடுகிறது. அரசுக் கட்டடங்களில் உள்ள எழுத்துகளையும் சுவரொட்டிகளையும் 24 மணி நேரத்துக்குள் அகற்ற வேண்டும். பாலம், பேருந்து நிலையம் போன்ற பொது இடங்களுக்கு 48 மணி நேரம். தனியார் சுவர்களில் அனுமதியின்றி எழுதப்பட்டவற்றுக்கு 72 மணி நேரம். தேர்தல் ஆணையத்தின் இந்த விதி சுவரின் வயதைப் பார்ப்பதில்லை.

சுவரெழுத்து இல்லாத தேர்தலைக் கேரளத்தில் காண்பதரிது. வேட்பாளர் யார் என்று தெரியும் முன்பே வெள்ளையடித்து, 'புக் செய்யப்பட்டது' என எழுதிச் சுவரைப் பிடித்துவைப்பது அங்குள்ள கட்சிகளின் வழக்கம். திருவனந்தபுரம் கரமனையில் ஆற்றங்கரையை ஒட்டித் தமிழ் அந்தணர்களின் அக்ரகாரத் தெருக்கள் உள்ளன. இத்தகைய தெருக்களில் எஞ்சியுள்ள பழைய வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சுக்கு எழுத்தைவிட அதை அழிக்கும் முறையே பெரிய ஆபத்து.

முன்பு சுண்ணாம்பு, நீலம் கொண்டு எழுதினர், தேய்த்தால் போய்விடும். இன்றைய எமல்ஷனும் ஸ்பிரே பெயின்டும் அப்படிப் போவதில்லை. எனவே, வாகனங்களைக் கழுவப் பயன்படும் உயரழுத்த நீர் இயந்திரம் சுவருக்கும் வருகிறது. சதுர அங்குலத்துக்கு 1,500 முதல் 3,000 பவுண்டு வரை அழுத்தம் தரும் இயந்திரங்கள் உள்ளன. கான்கிரீட் தாங்கும்; சுண்ணாம்புப் பூச்சும் செங்கல்லும் தாங்கா. மேல்தோல் பெயர்ந்து நீர் உள்ளே இறங்கும். வண்ணமும் நுண்துளைகளுக்குள் தள்ளப்படும். பழைய கட்டடங்களில் இத்தகைய எழுத்துகளை அகற்றுவது குறித்து அமெரிக்க தேசியப் பூங்காத் துறை 1995-ல் தனிக் கையேடே வெளியிட்டது. மறைவான மூலையில் முதலில் சோதித்துப் பார்ப்பதும், வண்ணத்தை இளக்கும் பசையைப் பூசி ஊறவிட்டுக் குறைந்த அழுத்த நீரால் கழுவுவதும் பாதுகாப்பான வழி.

எழுதியவரே அழிக்க வேண்டும் என்பதில் தில்லி உயர்நீதிமன்றம் உறுதி காட்டியுள்ளது. தில்லிப் பல்கலைக்கழக மாணவர் பேரவைத் தேர்தல் 2024 செப்டம்பர் 27-ல் நடந்தது. வளாகச் சுவர்கள் சுத்தமாகும்வரை வாக்கு எண்ணிக்கைக்குத் தடை விதிக்கப்பட்டதால், நவம்பர் 25-ல்தான் வாக்குகள் எண்ணப்பட்டன. 2007-ம் ஆண்டு தில்லிச் சட்டப்படி சுவரைச் சிதைப்பவருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ரூ.50,000 வரை அபராதம் உண்டு.

பொதுத் தேர்தலில் அகற்றும் செலவை வேட்பாளர் கணக்கில் சேர்க்க முடியும். பூச்சு பெயர்ந்தால் கொத்தனாருக்குக் கூலி கொடுப்பவர் பெரும்பாலும் வீட்டுக்காரரே. கேரளத்தில் அண்மைத் தேர்தல்கள் ஏப்ரலில் நடந்துள்ளன. ஜூனில் பருவமழை தொடங்கிவிடும். நனைந்த சுவர் உலர்ந்து மறுபூச்சுக்குத் தயாராக இடையில் கிடைப்பது சில வாரங்களே.